‘பிரஷரை மறைத்தீர்கள்’ என்று கிளெய்மை மறுத்தால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ன செய்யும்?

கேள்வி: காரைக்காலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். என் கணவருக்கு வயது 54. 2020 ஆகஸ்ட் 14 அன்று 3 லட்ச ரூபாய்க்குக் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுத்தோம். 2022-இல் தொடர்ச்சி விடாமல் வேறு கம்பெனிக்கு மாற்றினோம், அதாவது போர்ட் செய்தோம். 2023-இல் தொகையை 5 லட்சமாக உயர்த்தினோம். ஒரு வருடமும் விட்டதில்லை. 2024-இல் மட்டும் 11 நாள் தாமதமாகக் கட்டினோம். 2025 நவம்பர் 22 இரவு அவருக்கு நெஞ்சுவலி. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2,86,400 ரூபாய். கேஷ்லெஸ் கிடைக்காததால் நகையை அடகு வைத்துக் கட்டினோம். ஜனவரியில் வந்த கடிதத்தில், எட்டு வருடமாக இருந்த பிரஷரை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுத்துவிட்டார்கள். பாலிசியையும் ரத்து செய்கிறார்களாம். மாத்திரை தொடங்கியதே 2021-இல்தான். அன்றிரவு பதற்றத்தில் என் மைத்துனர் டியூட்டி டாக்டரிடம் “ஏழெட்டு வருஷமா இருக்கு” என்று சொல்லிவிட்டார். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யில் புகார் செய்தேன். கம்பெனிக்கு அனுப்பினோம் என்றார்கள், பிறகு ‘க்ளோஸ்டு’ என்று வந்துவிட்டது. மேலே ஒரு அரசு அமைப்பு இருந்தும் இவ்வளவுதானா?

பதில்: அம்மா, நீங்கள் தட்டிய கதவு தவறானது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது தேதிகளைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல. விதி போடுவதும், கம்பெனி அந்த விதிப்படி நடக்கிறதா என்று கண்காணிப்பதும்தான் அதன் வேலை. ‘இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு பணம் கொடு’ என்று உத்தரவிடும் அதிகாரம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன், அடுத்து நுகர்வோர் ஆணையம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதியை எடுத்துக்கொண்டுபோய் அந்த இரண்டு இடங்களில் வாதாட வேண்டும்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சிறு பின்னணி. இந்தியக் காப்பீட்டுத் துறைக்கு அடிப்படைச் சட்டம் 1938-ஆம் வருடத்து இன்சூரன்ஸ் சட்டம். 1956-இல் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டு எல்.ஐ.சி.யை உருவாக்கியது. 1972-இல் பொதுக் காப்பீட்டையும் எடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளை நான்காகத் தொகுத்தது. சென்னையில் தலைமையகம் உள்ள யுனைடெட் இந்தியா அந்த நான்கில் ஒன்று. விற்பதும் அரசு, மேற்பார்வையும் அரசு என்று இருந்தவரை தனி ஆணையம் தேவைப்படவில்லை. தனியாருக்குக் கதவு திறந்தபோது 1999-இல் சட்டம் இயற்றி ஐ.ஆர்.டி.ஏ.வை அமைத்தார்கள். அதுதான் இப்போது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., தலைமையகம் ஹைதராபாத்.

அதன் முதல் கவலை, கம்பெனி மூழ்கிவிடக் கூடாது என்பது. உங்கள் பிரீமியம் இன்று போகிறது, கிளெய்ம் பத்து வருடம் கழித்து வரலாம். அதுவரை கம்பெனி நிற்க வேண்டுமே. அதனால் தொடங்கும்போதே குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனம் கேட்கிறார்கள். அதற்குமேல் சால்வென்சி விகிதம் எப்போதும் 1.5-க்குக் குறையக் கூடாது. கணக்குப்படி 100 ரூபாய் உபரி தேவை என்றால் 150 ரூபாய் கையில் வைத்திரு என்பது இதன் பொருள். இதில் ஆணையம் கறார்தான். 2018-இல் உரிமம் பெற்ற ரிலையன்ஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் இந்த அளவுக்குக் கீழே போனதும், 2019 நவம்பரில் புதுப் பாலிசி விற்காதே என்று நிறுத்தி, இருந்த பாலிசிதாரர்களை ரிலையன்ஸ் ஜெனரலுக்கு மாற்றச் சொன்னது.

பாலிசியின் வாசகங்களை எல்லாம் ஆணையம் முன்கூட்டியே படித்து ஒப்புதல் தருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2022 ஜூனுக்குப் பிறகு நிலைமை அப்படி இல்லை. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைக் கம்பெனி முதலில் விற்கத் தொடங்கலாம், பிறகு ஆணையத்திடம் தாக்கல் செய்தால் போதும். உங்கள் பாலிசியில் யு.ஐ.என். என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அது பதிவு எண் மட்டுமே, தரச் சான்று அல்ல. முன்தணிக்கையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, ஆணையம் 2024-இல் பாலிசிதாரருக்கு ஆதரவான சில விதிகளை இறுக்கியது. உங்களுக்கு வேண்டியது அவைதான்.

முக்கியமானது மொரட்டோரியம். 60 மாதம் இடைவிடாமல் பாலிசி ஓடியிருந்தால், அதன்பிறகு ‘சொல்லவில்லை’, ‘தவறாகச் சொன்னாய்’ என்ற காரணத்தைக் காட்டி பாலிசியையோ கிளெய்மையோ கேள்வி கேட்கக் கூடாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இது 8 வருடம், அதாவது 96 மாதமாக இருந்தது. உங்களிடம் உள்ள 2020 பாலிசிப் புத்தகத்தில் எட்டு வருடம் என்று அச்சாகியிருக்கலாம். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் புதுப்பித்தபோது வந்த பாலிசியின் விதிமுறைகளை எடுங்கள். 60 மாதம் என்று இருக்க வேண்டும். சம்பவம் நடந்தது அந்தப் பாலிசியில்.

இப்போது உங்கள் தேதிகளைப் போட்டுப் பார்ப்போம். 2020 ஆகஸ்ட் 14 முதல் 2025 ஆகஸ்ட் 14 வரை சரியாக 60 மாதம். அட்மிட் ஆனது நவம்பர் 22, அதாவது 63 மாதம் கடந்த பிறகு. போர்ட் செய்ததால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பாது. பழைய கம்பெனியில் ஓடிய காலமும் சேரும். 11 நாள் தாமதமும் தொடர்ச்சியை அறுக்காது. வருடாந்திர பிரீமியத்துக்குக் கருணைக் காலம் 30 நாள். (அந்த 11 நாளுக்குள் நெஞ்சுவலி வந்திருந்தால் கதை வேறு. பிரீமியம் வராத நாட்களுக்குப் பாதுகாப்பு இல்லை; தொடர்ச்சி மட்டும் காப்பாற்றப்படும்.)

ஒரு நுணுக்கம் உண்டு, கம்பெனித் தரப்பு இதைக் கட்டாயம் எடுக்கும். தொகையை இடையில் உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் 60 மாதம் புதிதாகத் தொடங்கும். உங்கள் கூடுதல் 2 லட்சத்துக்கு 2028 ஆகஸ்டில்தான் மொரட்டோரியம் முடியும். ஆனால் உங்கள் பில் 2,86,400. முதலில் எடுத்த 3 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவே அந்தக் கூடுதல் 2 லட்சத்தைப் பற்றிப் பேச்சே எழ வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் இந்தக் கணக்கை நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் நிற்பது ஒரே ஒரு தாளில். 2022-இல் நடந்தது உண்மையிலேயே போர்ட்தானா? பல இடங்களில் ஏஜென்ட் வாயால் போர்ட் என்று சொல்லிவிட்டு, வேலை சுலபம் என்பதற்காகப் புதுப் பாலிசியாகவே பதிந்துவிடுவார். 2022 பாலிசியின் ஷெட்யூலை, அதாவது விவரத் தாளைப் பாருங்கள். ‘முதல் பாலிசி தொடங்கிய தேதி’ என்ற கட்டத்தில் 14.08.2020 இருக்கிறதா? பழைய கம்பெனியின் பெயரும் பாலிசி எண்ணும் இருக்கின்றனவா? ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தில் கழிவு காட்டப்பட்டிருக்கிறதா? இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் போர்ட் விண்ணப்பத்தின் நகல், அப்போது வந்த மெயில், எஸ்.எம்.எஸ்., 2020, 2021 வருடப் பாலிசிகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பழைய பாலிசிகள் தொலைந்திருந்தால் முதல் கம்பெனியிடம் எழுதிக் கேட்டு நகல் வாங்குங்கள்.

இனி மறுப்புக் கடிதத்துக்கு வருவோம். அதை அனுப்பியது யார்? கம்பெனிக்காக கிளெய்ம் வேலைகளைப் பார்க்கும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வின் லெட்டர்ஹெட்டில் வந்திருந்தால் அது செல்லாத மறுப்பு. கிளெய்மை மறுக்கும் அதிகாரம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான் உண்டு, டி.பி.ஏ.வுக்கு இல்லை. கம்பெனியும் ஒரு அதிகாரியின் கையெழுத்தோடு முடித்துவிட முடியாது. உள்ளே கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒன்று ஒப்புதல் தந்திருக்க வேண்டும், பாலிசியின் எந்த ஷரத்துப்படி மறுக்கிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். இது 2024 மே மாத மருத்துவக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கையில் உள்ள விதி. அந்த ஒப்புதலின் தேதியைக் கேளுங்கள். கேட்டாலே பல கோப்புகள் மறுபடி திறக்கப்படும்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்பது ஒரு காரணம், ‘மறைத்தல்’ என்பது வேறு காரணம். முன்னதற்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். உங்களுக்கு அது 2023 ஆகஸ்டிலேயே முடிந்தது. கூட்டிய தொகைக்குத்தான் அதன்பிறகும் ஓடும், அது நமக்குத் தேவையில்லை. எனவே எட்டு வருடப் பிரஷர் என்பதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், நோய் இருந்தது என்பதற்காக மறுக்க முடியாது. மறைத்ததற்காக மறுப்பதை மொரட்டோரியம் தடுக்கிறது. மறுப்புக் கடிதங்களில் இந்த இரண்டையும் கலந்து எழுதுவது வழக்கம். அவர்கள் எழுதியிருப்பது எந்த ஷரத்து என்று அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை வழக்கு வந்தபின் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் கூறியிருக்கிறது.

ஏஜென்ட் நிரப்பினார் என்ற வாதத்தை நம்பிப் போகாதீர்கள். 2019-இல் ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில், படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று சொல்லிப் பொதுவாகத் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், வாதத்தின் தூணாக வைக்காதீர்கள். உங்கள் தூண் மாத்திரை தொடங்கிய தேதி. 2020 ஆகஸ்டில் நோய் கண்டறியப்படவே இல்லை என்றால் மறைக்க என்ன இருந்தது?

அதற்குச் சான்று வேண்டும். 2021-இல் முதன்முதலில் மாத்திரை எழுதிய டாக்டரின் சீட்டு, மருந்துக்கடை பில், அதற்கு முன் ஏதாவது காரணத்துக்காகப் பார்த்த பி.பி. அளவுகள் கிடைத்தால் தங்கம். தஞ்சாவூர் மருத்துவமனையிடம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமில்லாமல் முழு இன்டோர் கேஸ் ஷீட்டையும், அதாவது உள்நோயாளியாக இருந்தபோது எழுதிய குறிப்புகளையும் எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருட நடத்தை விதி. இரவில் டியூட்டி டாக்டர் எழுதிய முதல் தாளில், தகவல் சொன்னவர் நோயாளியா உறவினரா என்று பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும். ‘சகோதரர் கூறியபடி’ என்று இருந்தால் அது உங்களுக்கு வலு. பிறகு சிகிச்சை செய்த இதய மருத்துவரைப் பார்த்து, 2021 சீட்டைக் காட்டி, எட்டு வருடம் என்ற குறிப்பு உறவினர் சொன்னதன் அடிப்படையில் பதிவானது, ஆவணப்படி 2021 முதல்தான் என்று பதிவு எண்ணோடு லெட்டர்ஹெட்டில் விளக்கம் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உண்மையில் 2018-லேயே மாத்திரை சாப்பிட்டிருந்தால் இப்படி ஒரு சான்றிதழ் வாங்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி அச்சிட்டுத் தரச் சொல்லவும் வேண்டாம். கம்பெனியின் புலனாய்வாளர் மருத்துவமனையிலிருந்து முதல் பிரதியை ஏற்கெனவே எடுத்திருப்பார். 60 மாதத்துக்குப் பிறகு அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வாசல் மோசடி. பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் அந்த வாசலை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். உண்மை பாதகமாக இருந்தால் தேதியைப் பற்றிப் பேசாமல் மொரட்டோரியத்தை மட்டும் வைத்து வாதாடுங்கள். அதுவே போதுமானது.

இப்போது கடிதம். கால் சென்டருக்குப் பேசியது கணக்கில் வராது. கம்பெனியின் குறைதீர் அலுவலர் பெயருக்கு, அவர் மெயிலுக்கும் பதிவுத் தபாலுக்கும் எழுதுங்கள். முகவரி பாலிசியின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். நீளம் ஒன்றரைப் பக்கம் தாண்ட வேண்டாம். நகையை அடகு வைத்த வேதனையை இதில் எழுதாதீர்கள். படிப்பவர் தேடுவது தேதியும் ஷரத்தும்தான். நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“முதல் பாலிசி 14.08.2020-இல் 3,00,000 ரூபாய்க்குத் தொடங்கியது. 2022-இல் தங்கள் நிறுவனத்துக்கு போர்ட் செய்யப்பட்டது. தொடர்ச்சி எந்த வருடமும் அறவில்லை. 2024 புதுப்பித்தல் கருணைக் காலத்துக்குள் செய்யப்பட்டது. அனுமதிக்கப்பட்ட 22.11.2025 அன்று 60 மாத மொரட்டோரியம் முடிந்துவிட்டது. கோரும் தொகை 2,86,400 ரூபாய், முதல் காப்பீட்டுத் தொகைக்குள் அடங்குவது. தங்கள் கடிதத்தில் மோசடி என்ற குற்றச்சாட்டோ அதற்கான ஆதாரமோ இல்லை. எனவே மறுப்பை ரத்து செய்து தொகையை வட்டியுடன் வழங்கவும், பாலிசியைத் தொடர்ச்சி முறியாமல் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவரவும் கோருகிறேன். கையெழுத்திட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகல், புலனாய்வு அறிக்கை, மறுஆய்வுக் குழு ஒப்புதலின் விவரம் ஆகியவற்றையும் அனுப்பவும்.”

அந்தக் கடைசிக் கோரிக்கையில் பாலிசியை மீட்கும் வரியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் பணத்தை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, பாலிசி ரத்தானது ரத்தானதாகவே இருக்கிறது என்பதைப் பிறகுதான் கவனிக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்த 54 வயதுக்காரருக்குப் புதுப் பாலிசி கிடைப்பது குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் எல்லாக் காத்திருப்பும் முதலிலிருந்து. 2,86,400 ரூபாயைவிட இந்த பாலிசி பெரிய சொத்து. வட்டி விஷயத்தில், தாமதமான கிளெய்முக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டோடு 2 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். கேட்காமல் வருவது அரிது.

கடிதம் போன அன்றே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புதிதாக ஒரு புகார் பதிந்து, அந்தக் கடிதத்தை இணையுங்கள். இணையம் வசதிப்படாவிட்டால் 155255 என்ற எண்ணில் பேசியும் பதியலாம். நீங்கள் முன்பு பார்த்த ‘க்ளோஸ்டு’ என்பதற்கு, கம்பெனி பதில் போட்டுவிட்டது என்பதற்கு மேல் பொருள் இல்லை. பிறகு ஏன் பதிய வேண்டும் என்றால், புகார் எண்ணும் தேதியும் அரசுப் பதிவேட்டில் ஏறுகிறது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆணையம் எந்தக் கம்பெனியை ஆய்வு செய்வது என்று பார்க்கிறது. அபராதம் போட்டாலும் அது உங்களுக்கு வராது.

இதைப் பதிந்த சில நாளில் “ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்கள் கிளெய்ம் பாஸாகிவிட்டது, வரி மட்டும் கட்டுங்கள்” என்று போன் வரலாம். ஆணையம் யாரிடமும் பணம் கேட்காது. வைத்துவிடுங்கள்.

கம்பெனி மறுபடி மறுத்தாலோ, கடிதம் சேர்ந்து ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். காரைக்கால் சென்னை அலுவலகத்தின் எல்லையில் வருகிறது. (ஒரே யூனியன் பிரதேசம்தான், ஆனால் மாஹேக்காரர் கொச்சிக்கும் ஏனாம்காரர் ஹைதராபாத்துக்கும் போக வேண்டும்.) கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. இது உங்களுக்குச் சாதகம், கம்பெனியும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். விசாரணை வீடியோ மூலமும் நடக்கும். சில நிமிடங்கள்தான் கிடைக்கும் என்று நினைத்துத் தயாராகுங்கள்: ஒரே தாளில் தேதி வரிசை, அதன் பின்னால் 2020 முதல் எல்லா ஷெட்யூல்களும், மொரட்டோரியம் ஷரத்து உள்ள பக்கம் ஒட்டுத்தாள் வைத்து, அதன் பிறகே மருத்துவ ஆவணங்கள்.

எல்லா ஆவணமும் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. 30 நாளில் அவர்கள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதித்திருக்கிறது. ஆம்புட்ஸ்மேன் அலுவலகச் செலவைக் கம்பெனிகள்தான் ஏற்கின்றன, அதனால் சாய்வு இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். உங்களைப் போல தேதியும் ஷரத்தும் தெளிவாக உள்ள வழக்கில் அந்தத் தயக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவ சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும் வழக்குகளுக்குத்தான் அது சரியான இடம் இல்லை.

நுகர்வோர் ஆணையத்துக்கு முதலில் போய்விடாதீர்கள். அங்கே வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். தலைகீழாகப் போகலாம்: ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு பிடிக்காவிட்டால் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே வரம்பு பார்ப்பது கிளெய்ம் தொகையை வைத்து அல்ல, நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து. அது 5 லட்சத்துக்குள் என்பதால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. மன உளைச்சலுக்கு இழப்பீடும் அங்கே கேட்கலாம். நகை அடகு ரசீதை அதற்காகப் பத்திரப்படுத்துங்கள். காலக்கெடு இரண்டு வருடம், ஆம்புட்ஸ்மேனிடம் இருக்கும் நாட்களிலும் அது ஓடுவதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக, வரும் ஆகஸ்ட் 14. ரத்து விவகாரம் முடியாமல் இருந்தாலும் பிரீமியத்தைக் கட்ட முன்வாருங்கள். தளம் ஏற்காவிட்டால் ஜூலை மாதமே குறைதீர் அலுவலருக்கு, புதுப்பிக்கத் தயாராக இருக்கிறேன், தொகையும் செலுத்தும் வழியும் தெரிவியுங்கள் என்று ஒரு மெயில் போடுங்கள். அது திரும்பி வந்தாலும் அச்சிட்டுக் கோப்பில் சேருங்கள். தொடர்ச்சியை அறுத்தது நீங்கள் அல்ல என்பதற்கு அதுதான் சாட்சி.